கம்ப்ரஸருடன் கூடிய வின்ச்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

மலைச் சாலைகளில் நான்கு சக்கர இயக்கத்தை எப்போது பயன்படுத்துவது என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வின்ச் பற்றியே, அதாவது வண்டியின் முன்னால் மாட்டி, வடத்தைச் சுற்றி இழுத்து மாட்டிக்கொண்ட வண்டியை மீட்கும் மின்கருவியைப் பற்றியே கேட்டிருக்கின்றன. அவற்றுள் பலருக்கும் பயன்படக்கூடிய ஐந்து கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஐயா, கோத்தகிரிக்குக் கீழே எங்களுக்கு ஒரு சிறிய தேயிலைத் தோட்டம் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் என்னுடைய மஹிந்திரா தார் டீசல் வண்டி தோட்டச் சாலையில் அடிக்கடி சேற்றில் மாட்டிக்கொள்கிறது. காற்றடிக்கும் கம்ப்ரஸரும் உள்ளேயே அமைந்த வின்ச் ஒன்றை வெளிநாட்டு உறவினர் மூலம் வரவழைக்க நினைக்கிறேன். வாங்கலாமா? மாட்டும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும்?
— தோட்ட உரிமையாளர், கோத்தகிரி

நீங்கள் சொல்லும் வகையை அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தைச் சேர்ந்த வார்ன் நிறுவனம் ‘பவர்பிளாண்ட்’ என்ற பெயரில் கொண்டுவந்தது. 9,500 பவுண்டு, 12,000 பவுண்டு என இரண்டு இழுதிறன்களில் அது வந்தது. வடம் சுற்றும் உருளையைத் திருப்பும் அதே மின்மோட்டார்தான் கம்ப்ரஸரையும் இயக்குகிறது. இடம் மிச்சமாகிறது, சாதாரணக் கையடக்கக் கம்ப்ரஸரில் நினைத்துப் பார்க்க முடியாத அளவுக்குக் காற்றும் கிடைக்கிறது. ஆனால் அந்த ஒரு மோட்டார் நின்றுவிட்டால் இழுப்பதும் போய்விடும், காற்றும் போய்விடும் என்பதை வாங்குவதற்கு முன் நன்றாக யோசித்துக்கொள்ள வேண்டும்.

அந்தக் காற்று உங்களுக்கு எவ்வளவு உதவும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 245/75 ஆர்16 அளவுள்ள டயரின் உட்கொள்ளளவு ஏறத்தாழ 75 லிட்டர். அதன் காற்றழுத்தத்தை 18 பி.எஸ்.ஐ.யிலிருந்து 32 பி.எஸ்.ஐ.க்கு உயர்த்த வெளிக்காற்றில் சுமார் 70 லிட்டர் தேவைப்படும். நிமிடத்துக்கு 5 கன அடி, அதாவது 140 லிட்டர் தரும் கம்ப்ரஸர் அதை அரை நிமிடத்தில் முடித்துவிடும். நிமிடத்துக்கு 35 லிட்டர் தரும் சிறிய கம்ப்ரஸருக்கு இரண்டு மூன்று நிமிடங்கள் ஆகும். நான்கு டயருக்கும் சேர்த்துப் பத்து நிமிட வித்தியாசம். தோட்டத்தில் டிராக்டர், டிரெய்லர் எனப் பல வண்டிகளுக்கு நாள்தோறும் காற்றடிக்க வேண்டியிருந்தாலோ, காற்றில் இயங்கும் கருவிகளைப் பயன்படுத்தினாலோ அந்தப் பத்து நிமிடத்துக்கு மதிப்பு உண்டு. ஒரு வண்டிக்கு மட்டும் என்றால், தனி வின்ச் ஒன்றை முன்னால் பொருத்திக்கொண்டு, சிறிய கம்ப்ரஸரை இருக்கைக்கு அடியில் சேறு படாமல் வைத்துக்கொள்வதே மேல் என்பது என் உறுதியான கருத்து. உதிரி பாகங்களையும் கருதிப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த இணைப்புக் கருவியில் ஒரு சிறிய வால்வு பழுதானாலும், அது கிடைக்கும்வரை வின்ச் முழுவதையும் கழற்றிப் பட்டறையில் போட்டுவைக்க நேரும்.

எதை வாங்கினாலும் இழுதிறனை முதலில் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆட்களும் சாமான்களும் ஏற்றிய வண்டியின் மொத்த எடையைப் போல் ஒன்றரை மடங்கு என்பது பொது விதி. உங்கள் வண்டி நிறை சுமையில் இரண்டேகால் டன் இருக்கும் என்று வைத்துக்கொண்டால் தேவை சுமார் 3,400 கிலோ, அதாவது 7,500 பவுண்டு. அப்படியானால் 8,000 பவுண்டு போதும் என்று கடைக்காரர் சொல்வார். ஆனால் அட்டையில் அச்சிட்டிருக்கும் எண், உருளையில் ஒரே ஒரு அடுக்கு வடம் மட்டும் சுற்றியிருக்கும்போது கிடைக்கும் இழுவை. அடுக்கு ஏற ஏற உருளையின் விட்டம் கூடுவதால் இழுவை குறைந்துகொண்டே போய், நான்காவது அடுக்கில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் மிஞ்சும். எனவே 9,500 பவுண்டு வாங்குங்கள். முடிந்தபோதெல்லாம் வடத்தை நிறைய வெளியே இழுத்துவிட்டு வேலை செய்யுங்கள். கூடவே ஒரு கப்பியையும் வாங்கிக்கொள்ளுங்கள். வடத்தை மரத்தில் கட்டிய கப்பி வழியாகத் திருப்பி, வண்டியின் சேஸிஸில் (அடிச்சட்டத்தில்) உள்ள கொக்கியிலேயே மாட்டினால் வேகம் பாதியாகும். மோட்டார் மீதான சுமையும் ஏறத்தாழப் பாதியாகும். நீலகிரிச் செம்மண் சேற்றில் அச்சு வரை இறங்கிய வண்டியை வெளியே எடுக்க இதைவிடச் சிறந்த துணைக்கருவி இல்லை.

பொருத்துவதில் முதல் விதி, வின்ச்சின் இழுவை சேஸிஸின் இரண்டு நீளத் தண்டுகளுக்கும் நேராகப் போய்ச் சேர வேண்டும் என்பது. பம்பரின் தகட்டில் துளை போட்டு மாட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியை அங்கிருந்து எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். இந்த அளவு வின்ச்சுகளின் அடிப்பாகத்தில் நான்கு போல்ட்டுகள் பத்து அங்குலத்துக்கு நாலரை அங்குலம் என்ற இடைவெளியில் இருக்கும். அதற்கேற்பத் துளையிட்ட தடித்த எஃகுத் தட்டு, சேஸிஸில் ஏற்கெனவே உள்ள துளைகளில் போல்ட்டால் இணைக்கப்பட வேண்டும். போல்ட்டுகள் 8.8 தரத்துக்குக் குறையக் கூடாது. தலையிலேயே அந்த எண் பொறித்திருக்கும். சேஸிஸில் புதிதாக வெல்டிங் வைப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. சூடுபட்ட இடம் பலவீனமாகி, பின்னாளில் அதையொட்டி விரிசல் ஓடும். வெல்டிங்கின்போது பேட்டரி இணைப்பைக் கழற்றாமல் விட்டால் வண்டியின் மின்னணுப் பெட்டிகளும் கெடும்.

எடையும் சிறிதன்று. எஃகு வடத்துடன் சாதாரண 9,500 பவுண்டு வின்ச் ஏறத்தாழ 40 கிலோ இருக்கும், கம்ப்ரஸர் சேர்ந்தால் அதற்கும் மேல், தட்டு வேறு. முன் ஸ்பிரிங் தாழ்வதை மாட்டுவதற்கு முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். ரேடியேட்டருக்கும் டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும் எதிரே வின்ச் அடைத்துக்கொண்டு நின்றால், மேட்டுப்பாளையத்திலிருந்து முழுச் சுமையுடன் ஏறும்போது எஞ்சின் சூடாகும். அதனால் எவ்வளவு தாழ்வாக அமைக்க முடியுமோ அவ்வளவு தாழ்வாக அமைக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது மின்சாரம். முழுச் சுமையில் இத்தகைய மோட்டார் 400 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். உங்கள் ஆல்டர்னேட்டர் நூறு ஆம்பியர் தருவதாக வைத்துக்கொண்டால் மீதி 300 ஆம்பியர் பேட்டரியிலிருந்து போகிறது. ஒரு நிமிடத்துக்கு 5 ஆம்பியர்-மணி கரைகிறது. ஐந்து நிமிடம் விடாமல் இழுத்தால் 65 ஆம்பியர்-மணி பேட்டரியில் கணிசமான பகுதி காலி. அதற்குள் மோட்டாரும் கை வைக்க முடியாத அளவு சூடாகியிருக்கும். எஞ்சினை ஓடவிட்டு, அரை நிமிடம், ஒரு நிமிடம் இழுத்து, நிறுத்தி, ஆறவிட்டு மீண்டும் இழுப்பதுதான் முறை. பேட்டரியின் மேல் சி.சி.ஏ. என்று அச்சிட்டிருக்கும் தொடக்கத் திறன் 650க்குக் குறையாமல் இருக்கட்டும். நேர்முனை, எதிர்முனை இரண்டையுமே பேட்டரிக்கு நேரடியாகக் கொண்டுபோக வேண்டும். குறைந்தது 35 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் வேண்டும். தகட்டைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையமும், பேட்டரிக்கு அருகில் கையால் திருப்பி அணைக்கும் பெரிய சுவிட்சும் அவசியம். உராய்ந்து உறை கிழிந்த கேபிள் சேஸிஸைத் தொட்டால் வண்டி எரிந்துபோகும் என்பதால், அந்தச் சுவிட்ச் வின்ச் வேலை செய்யாத நேரமெல்லாம் அணைந்தே இருக்கட்டும்.

கம்ப்ரஸர் சேர்ந்த வகையையே வாங்குவதாக முடிவு செய்தால் காற்று வழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமுக்கப்பட்ட காற்று வெளியேறும் இடத்தில் மிகுந்த சூடு இருப்பதால் முதல் சில அடிகளுக்குச் சாதாரண பிளாஸ்டிக் குழாய் தாங்காது. கம்பிப் பின்னலிட்ட, வெப்பம் தாங்கும் குழாய் தேவை. காற்றை உள்ளிழுக்கும் வடிகட்டி பம்பர் உயரத்தில் இருந்தால் ஓடையைக் கடக்கும்போது தண்ணீரையும் உறிஞ்சும். தயாரிப்பாளர் அனுமதித்தால் அதை ஒரு குழாய் மூலம் பானட்டுக்கு அடியில் உயரமான இடத்துக்குக் கொண்டுபோங்கள். மோட்டார் பெரியது என்பதால் காற்றடிக்கும்போதும் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இந்த அளவு வின்ச் மோட்டார்கள் சுமையே இல்லாமல் சுற்றும்போதும் பொதுவாக 60 முதல் 80 ஆம்பியர் எடுத்துக்கொள்கின்றன.

தோட்டத்துக்கென்று ஒரு குறிப்பு. நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களில்தான் வடத்தைக் கட்டுவீர்கள். நல்ல பருமனும் வேர்ப்பிடிப்பும் உள்ள மரமாகப் பார்த்து, தரையை ஒட்டி, அகலமான துணிப் பட்டையைச் சுற்றி, அதில் ஷேக்கிள் (திருகாணியிட்ட இரும்பு வளையம்) மாட்டி இழுங்கள். வடத்தையே மரத்தில் சுற்றினால் மரப்பட்டை அறுபட்டு மரம் காய்ந்துபோகும். தேயிலைத் தூரில் ஒருபோதும் கட்ட வேண்டாம்.

திசையன்விளைப் பக்கம் எங்கள் நிலத்துக்குப் போகத் தேரி மணலைக் கடக்க வேண்டும். மாருதி ஜிம்னி வைத்திருக்கிறேன். கம்ப்ரஸருடன் கூடிய வின்ச் எனக்குப் பொருந்துமா?
— விவசாயி, திருநெல்வேலி மாவட்டம்

உங்களுக்கு வேண்டியது காற்று, வின்ச் அன்று. தேரியின் சிவந்த நுண்மணலில் வடத்தைக் கட்டுவதற்குப் பனை ஒன்று பக்கத்தில் அமைந்தால் உண்டு, இல்லையென்றால் மாற்றுச் சக்கரத்தைக் குழி வெட்டிப் புதைத்து அதில் கட்ட வேண்டியதுதான். மணலில் இறங்குவதற்கு முன் டயரில் காற்றைப் 16 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கினால் டயர் நீளவாக்கில் பரந்து மணல்மேல் மிதந்து போகும். பெரும்பாலும் மாட்டிக்கொள்ளவே மாட்டீர்கள். அந்த நிலையில் வேகத்தைக் குறைத்து, சடாரென்று திருப்பாமல் ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும். தார்ச்சாலை ஏறுவதற்கு முன் மீண்டும் காற்றடித்தாக வேண்டும். உங்கள் 195/80 ஆர்15 டயரின் கொள்ளளவு 50 லிட்டருக்கும் குறைவு என்பதால் பேட்டரியில் கவ்வி மாட்டி இயக்கும் சிறிய கம்ப்ரஸர் ஒவ்வொன்றையும் ஒன்றிரண்டு நிமிடத்தில் முடித்துவிடும்.

ஜிம்னியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடையே 1,545 கிலோதான். அதன் மூக்கில் 50 கிலோவை ஏற்றுவது, மணலில் முன்சக்கரம் புதைவதற்கு நாமே வழி செய்து கொடுப்பதாகும். கம்ப்ரஸர், காற்றழுத்த அளவி, மண்வெட்டி, சக்கரத்துக்கு அடியில் இடும் இரண்டு மணல் தகடுகள் ஆகியவற்றை வாங்கிக்கொள்ளுங்கள். தேரிக்காட்டில் வனத்துறைக்கு உட்பட்ட பகுதிகளும் இருப்பதால் உங்கள் பாதை எதன் வழியாகப் போகிறது என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

வின்ச் மாட்டினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சிக்கல் வருமா? காப்பீடு செல்லுமா?
— வாசகர், கோயம்புத்தூர்

வரலாம். மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறும் வகையில் வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் ஒரு தீர்ப்பில் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டில் வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாமல் பாகங்களைச் சேர்த்து மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க முடியும். முன்புறத் தடுப்புக் கம்பிகளைப் பற்றி மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்குத் தனியே எழுதி நடவடிக்கை எடுக்கச் சொன்னது. சாலையில் நடந்து போகிறவர்மீது மோதினால் அக்கம்பிகள் விளைவிக்கும் காயம் கொடியது. காற்றுப்பைகளின் உணரிகளும் அவற்றால் ஏமாறக்கூடும். வின்ச்சோடு சேர்த்து விற்கப்படும் கனமான எஃகு பம்பர்களுக்கும் இந்தக் காரணங்கள் அப்படியே பொருந்தும்.

ஆகவே முதலில் வாகனத் தயாரிப்பாளரின் விற்பனையகத்தில் உங்கள் மாடலுக்கு அவர்களே ஏற்றுக்கொண்ட பொருத்தம் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். பிறகு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துப் பதில் வாங்குங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்து மூலம் தெரிவித்துப் பாலிசியில் அதைச் சேர்க்கச் சொல்லுங்கள். சொல்லாமல் மாட்டிய கருவியைக் காரணம் காட்டி இழப்பீட்டை மறுப்பது எளிது. அனுமதி கிடைக்காவிட்டால், பம்பரைத் தொடாமல், தேவைப்படும்போது மட்டும் இழுவைக் கொக்கி இணைப்பில் செருகி, சாலைக்கு வருமுன் கழற்றி வைக்கும் அமைப்பைப் பற்றி விசாரியுங்கள். அதற்கும் சேஸிஸோடு இணைந்த, போதிய வலுவுள்ள பொருத்தம் வேண்டும்.

வால்பாறையில் வாடகைக்கு ஜீப் ஓட்டுகிறேன். இரண்டு ஆண்டுக்கு முன் மாட்டிய வின்ச், இப்போது பொத்தானை அழுத்தினால் ‘டிக்’ என்ற சத்தத்தோடு நின்றுவிடுகிறது. சுமை இல்லாதபோது மெதுவாகச் சுற்றுகிறது. மோட்டார் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள்.
— ஓட்டுநர், வால்பாறை

மோட்டாரை மாற்ற அவசரப்படாதீர்கள். ‘டிக்’ என்ற சத்தம் வருகிறது என்றால் மின்சாரத்தை இணைத்துவிடும் ரிலே வேலை செய்கிறது என்று பொருள். மோட்டாருக்குப் போதிய மின்னழுத்தம் போய்ச் சேரவில்லை என்பதற்கே வாய்ப்பு அதிகம். வால்பாறையின் மழையில் முனைகளில் பச்சை பூப்பதும் வெள்ளைப் பொடி கட்டுவதும் இயல்பு. இப்படி அரித்த ஓர் இணைப்பில் வெறும் 5 மில்லி ஓம் தடை இருந்தாலும், 400 ஆம்பியர் பாயும்போது அங்கே 2 வோல்ட் விழுந்துவிடும். அந்தச் சிறிய முனையில் மட்டும் 800 வாட் வெப்பம் பிறக்கும். சற்று நேரம் இயக்கிய பிறகு ஒவ்வொரு முனையின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோங்கள். சூடு அடிக்கும் முனைதான் குற்றவாளி.

மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். ஒருவர் பொத்தானை அழுத்த, நீங்கள் முதலில் பேட்டரி முனைகளிலும் பிறகு வின்ச் மோட்டாரின் முனைகளிலும் அளந்து பாருங்கள். பேட்டரியில் 11 வோல்ட்டுக்கு மேல் நின்று, மோட்டாரில் 8 மட்டும் காட்டினால் வழியில் உள்ள கேபிளும் இணைப்புகளும் ரிலேயின் உட்தொடுமுனைகளும்தான் பார்க்க வேண்டிய இடங்கள். பேட்டரியிலேயே 9க்குக் கீழே இறங்கினால் பேட்டரி தளர்ந்துவிட்டது. எதிர்முனைக் கேபிளைப் பேட்டரிக்குக் கொண்டுபோகாமல் பாடித் தகட்டில் ஒரு போல்ட்டில் இறுக்கி விட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். பழைய ஜீப்புகளில் இது அடிக்கடி காணப்படும் குறை. இரண்டு இடத்திலும் நல்ல அழுத்தம் இருந்தும் மோட்டார் சுற்றவில்லை என்றால் மட்டும் உள்ளே இருக்கும் கார்பன் பிரஷ்களைப் பார்க்கச் சொல்லுங்கள். பிரஷ் மட்டும் தேய்ந்திருந்தால் அதை மட்டும் மாற்றலாம்.

எஃகு வடமா, செயற்கை இழை வடமா? எதை வாங்குவது?
— வாசகர், ஏற்காடு

செயற்கை இழையையே சொல்வேன். எடை மிகக் குறைவு, கையில் கம்பிச் சிலும்பு ஏறாது, எல்லாவற்றுக்கும் மேலாக அறுந்தால் எஃகைப் போல அவ்வளவு வேகத்தோடு திரும்பி வந்து அடிக்காது. ஆனால் அந்த இழை 150 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே உருகிவிடும். பல வின்ச்சுகளில் பிரேக் உருளைக்கு உள்ளேயே இருப்பதால், சுமையோடு வடத்தை நீளமாக வெளியே விடும்போது உருளை சூடேறி முதல் அடுக்கை உருக்கிவிடக்கூடும். ஏற்காட்டின் கூரான பாறை விளிம்புகளும் அதற்குப் பகை. உராயும் இடத்தில் காப்புறையை நகர்த்தி வையுங்கள். எஃகு வடம் ஓடிய பழைய உருளை வழிகாட்டியில் (வடம் வெளியே வரும் வாயில்) கீறல்கள் இருக்கும் என்பதால், வடத்தை மாற்றும்போதே அதை எடுத்துவிட்டு வழவழப்பான அலுமினிய வழிகாட்டியைப் பொருத்திவிடுங்கள்.

எந்த வடமானாலும் அதன் நடுவில் கனத்த கோணியையோ அதற்கென்றே விற்கும் போர்வையையோ போட்டு, வடத்தின் நீளத்தைவிட அதிகத் தொலைவுக்கு ஆட்களை விலக்கி நிறுத்திய பிறகே இழுக்கத் தொடங்குங்கள். இறுகிய வடத்தை யாரும் தாண்டக் கூடாது. குழந்தைகளை வேடிக்கை பார்க்க அருகில் விடவே கூடாது. எஃகு வடமானால் ஐந்து சுற்றும் இழை வடமானால் பத்துச் சுற்றும் உருளையில் எப்போதும் மிஞ்சியிருக்க வேண்டும், ஏனென்றால் முனையைப் பிடித்திருக்கும் சிறிய திருகு சுமையைத் தாங்காது, சுற்றுகளின் உராய்வுதான் தாங்குகிறது. புது வடத்தை முதன்முதலாகச் சுற்றும்போது லேசான சரிவில் வண்டியை நிறுத்தி, அதன் எடையையே இழுக்கவைத்து இறுக்கமாகச் சுற்றிக்கொள்ளுங்கள். தளர்வாகச் சுற்றிய வடம் முதல் பெரிய இழுப்பிலேயே கீழடுக்குக்குள் புதைந்து மாட்டிக்கொள்ளும். அதை விடுவிக்க அரைநாள் ஆகும்.